கொந்தளிக்கும் சுவாலையைக் கணித்தவர்
(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இக்கூட்டத்திலே பேசுமாறு எம்மைக் கேட்ட செயலாளர் அவர்கள், பொருளை எம் விருப்பத்துக்கே விட்டுவிட்டார். நாம் பொருளைச் சொன்னதும் அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "விமானப் பொறியியற் பேராசிரியர் என்கிறீர், ஆனால் அவர் விமானம் ஒன்றும் கட்டவில்லை என்கிறீர். ஏழு மில்லிமீற்றர் வாயுடைய ஒரு குழாயிலே எரிகின்ற சுவாலையைக் கணக்குப் போட்டார் என்கிறீர். தம்பி, இதற்கு ஒரு மனிதர் தம் ஆயுளையே கொடுப்பாரா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. பொறியியல் படிக்கப் போன எம்மிடம் வீட்டாரும் இதையொத்த கேள்வியைக் கேட்டதுண்டு. ஆகவே இன்றைய பேச்சை அவருக்குச் சொல்லும் மறுமொழியாகவே வைத்துக்கொள்கிறோம்.

நாம் குறிப்பிடும் பேராசிரியரின் பெயர் ஸ்டீபன் போப். 1949இலே பிறந்தவர். இலண்டன் இம்பீரியல் கல்லூரியிலே எந்திரப் பொறியியல் பயின்று, 1976இல் அங்கேயே கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்கா சென்று, மசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலே சில ஆண்டுகள் கற்பித்து, 1982இலே நியூ யோர்க் மாநிலத்தின் இத்தாக்கா நகரிலுள்ள கோர்ணெல் சர்வகலாசாலையைச் சேர்ந்தார். அங்கே எந்திரவியலும் விமான விண்வெளிப் பொறியியலும் ஒரே கல்லூரியாக அமைந்துள்ளன. அதற்குச் சிப்லிக் கல்லூரி என்று பெயர். பல பதிற்றாண்டுகளை அவர் அங்கேயே கழித்தார். அவர் வாழ்க்கையைப் பற்றி இவ்வளவே போதும். அவர் பிடித்துக்கொண்ட வினாதான் எமக்கு வேண்டியது.

இம்மேடையில் எரிகின்ற குத்துவிளக்கைப் பாருங்கள். காற்று வீசாத வேளையில் அதன் சுடர் ஆடாமல் அசையாமல் நிற்கிறது. எண்ணெய் ஆவி உள்ளிருந்து வருகிறது. ஒட்சிசன் வெளியிலிருந்து வருகிறது. இரண்டும் சந்திக்கும் மெல்லிய படலத்திலே தகனம் நிகழ்கிறது. மைக்கேல் பரடே 1860ஆம் ஆண்டு நத்தார் விடுமுறைக் காலத்திலே இலண்டன் றோயல் நிலையத்திற் சிறுவர்களுக்கு ஒரு மெழுகுதிரியை வைத்துக்கொண்டே இதை விளக்கத் தொடங்கினார். இத்தகைய அமைதியான சுவாலையைப் பற்றி இன்று நாம் ஏறக்குறைய முழுவதையும் கணக்கிட்டு அறியலாம்.

இனி, எம் தாய்மார் காலத்துப் பிறைமஸ் அடுப்பை நினைத்துப் பாருங்கள். காற்றடித்து விட்டதும் அது இரைகிறதே, அந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது? நாம் படித்த மிசன் பாடசாலையின் ஆய்வுகூடத்திலே பன்சன் சுடரடுப்பு ஒன்று இருந்தது. அதன் காற்றுத் துவாரத்தை மூடிவைத்தால் மஞ்சட் சுடர் சோம்பலாக ஆடும். திறந்து வாயுவைக் கூட்டினால் நீலச்சுடர் உறுமும். அந்த உறுமலைப் பற்றி ஆசிரியரிடம் கேட்டோம். "வாயு வேகமாக வருகிறது" என்றார். அது பிழையான விடையன்று. ஆனால் பாதி விடையே.

மிகுதிப் பாதியை 1883இலே மான்செஸ்ரர் நகரப் பேராசிரியர் ஒஸ்போர்ண் றெயினோல்ட்ஸ் காட்டியிருந்தார். கண்ணாடிக் குழாயினூடு நீரைச் செலுத்தி, அதன் நடுவே சாய நூலொன்றை விட்டார். நீர் மெல்ல ஓடியபோது நூல் நேராகச் சென்றது. ஓட்டம் ஒரு வேகத்தைத் தாண்டியதும் நூல் நடுங்கி, சுருண்டு, குழாய் முழுவதும் கலங்கிப் போயிற்று. இதனையே நாம் கொந்தளிப்பு என்கிறோம். பெரிய சுழி சிறிய சுழிகளாக உடைகிறது. சிறியது இன்னும் சிறியதாக உடைகிறது. இறுதியிலே பாயியின் பிசுக்குமை அச்சுழியை விழுங்கி வெப்பமாக்கிவிடுகிறது. ஜெற் எஞ்சினின் தகன அறைக்குள்ளே இருப்பது இந்தக் கொந்தளிப்புத்தான். கொந்தளிப்பில்லாவிடின் எரிபொருளும் காற்றும் அவ்வளவு குறுகிய இடத்திலே, சில ஆயிரத்திலொரு பங்கு செக்கன்களுக்குள், கலந்து எரிந்து முடியமாட்டா. விமானம் பறப்பதே இக்கொந்தளிப்பின் தயவால் என்று சொன்னாலும் மிகையன்று.

பாயிகளின் இயக்கத்துக்குரிய சமன்பாடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே தெரிந்தவைதாமே; அவற்றைக் கணனியிலே போட்டு விடை எடுத்தால் என்ன என்று இளைஞர் சிலர் கேட்கலாம். அப்படிச் செய்வதும் உண்டு. ஆனால் செலவைப் பாருங்கள். மிகச்சிறிய சுழியையும் பிடிக்கத்தக்க நுண்ணிய வலை வேண்டும். அதற்கேற்ற மிகக் குறுகிய காலப் படிகளும் வேண்டும். ஓட்டத்தின் வேகத்தை இருமடங்காக்கினால் கணிப்பு வேலை ஏறக்குறைய எட்டு மடங்காகும். பத்து மடங்காக்கினால் ஆயிரம் மடங்காகும். அதன் மேலே இரசாயனத்தை ஏற்ற வேண்டும். மெதேன் எரிந்து காபனீரொட்சைட்டும் நீரும் ஆகின்றது என்று பள்ளியிலே ஒரே வரியில் எழுதுகிறோம். இயற்கை அப்படி ஒரே வரியில் எழுதுவதில்லை. மெதேன் வாயுவுக்கென அமெரிக்கரின் ஆய்வுக்குழு ஒன்று தொகுத்து, இன்றும் பலரும் எடுத்தாளும் தாக்கத் தொகுதியிலே 53 இரசாயனப் பொருள்களும் 325 தாக்கங்களும் உள்ளன. மிக எளிய எரிபொருளுக்கே இந்தக் கதி. விமானங்கள் எரிக்கும் மண்ணெண்ணெய் வகைக்கு இது பன்மடங்காகும். இன்றைய மாபெரும் கணனிகளும் ஆய்வுகூடச் சுவாலைகளை இவ்வாறு முழுமையாகக் கணிக்கின்றனவேயன்றி, ஓர் எஞ்சினின் தகன அறை முழுவதையும் இந்நுணுக்கத்தோடு கணிக்க இன்னும் இயலவில்லை.

ஆகவே பொறியியலாளர் சராசரியை நாடினர். இங்கேதான் வில்லங்கம் தொடங்குகிறது. பெரியோர்களுக்குத் தெரிந்த உதாரணமே சொல்வோம். ஒரு கமக்காரனுக்கு ஒரு போகத்திலே வெள்ளம் வந்து பயிர் அழுகிற்று. மறு போகத்திலே மழை பொய்த்துப் பயிர் கருகிற்று. கந்தோரில் இருப்பவர் இரண்டு போகத்து மழையையும் கூட்டி இரண்டாற் பிரித்து, "அளவான மழை, விளைச்சல் நன்றாக இருந்திருக்கும்" என்று அறிக்கை எழுதினால் எப்படி இருக்கும்? மழையின் சராசரி சரி. விளைச்சலைப் பற்றி அவர் எழுதியதோ முழுப் பிழை.

சுவாலையிலும் இஃதே. நைதரசன் ஒட்சைட்டு என்னும் நச்சு வாயு, விமான எஞ்சின்களிலிருந்து வெளிவருவதிலே முக்கியமானது. சர்வதேச சிவில் விமான அமைப்பு 1981 முதல் அதற்கு எல்லை வகுத்திருக்கிறது. உயர் வெப்பத்திலே அது உண்டாவதற்கான முதற் படி, ஒட்சிசன் அணு நைதரசன் மூலக்கூற்றை உடைப்பது. அதன் வேகம் வெப்பநிலையோடு பயங்கரமாக ஏறும். ஓரிடத்திலே வாயு பாதி நேரம் 1000 கெல்வினிலும் பாதி நேரம் 2000 கெல்வினிலும் இருக்கிறதென வைப்போம். சராசரி 1500. அந்த 1500ஐ வைத்து இப்படியின் வேகத்தை நிர்ணயிக்கும் அடுக்குக்குறிக் காரணியைக் கணக்கிட்டோம். பின்னர் இரண்டு வெப்பநிலைகளுக்கும் தனித்தனியே கணக்கிட்டு அவ்விடைகளின் சராசரியை எடுத்தோம். இரண்டாவது விடை முதலாவதைப் போல ஏறக்குறைய 300 மடங்கு! மூன்று வீதமன்று, முப்பது வீதமன்று, முந்நூறு மடங்கு. நாம் முதன்முறை இக்கணக்கைப் போட்டபோது எங்கோ பிழைவிட்டோம் என்றெண்ணி மறுபடியும் போட்டுப் பார்த்தோம்.

இந்த முந்நூறு மடங்கின் முன்னே என்ன செய்வது என்பதுதான் போப் அவர்களின் வினா.

1970களின் தொடக்கத்திலே இம்பீரியல் கல்லூரி இத்துறைக்கு ஒரு தலைநகர் போல விளங்கிற்று. பேராசிரியர் பிறையன் ஸ்போல்டிங் அங்கே இருந்தார். கொந்தளிப்பைச் சராசரி வழியாகக் கணிக்கும் முறைகளை உலகெங்கும் உள்ள தொழிற்சாலைகள் கையாளத்தக்கனவாக்கியதிலே அவருக்கும் அவர் சகாக்களுக்கும் பெரும்பங்குண்டு. 1971இல் அவர் சுவாலைக்கு ஓர் எளிய விதி சொன்னார்: இரசாயனம் மிக விரைவானது; ஆகவே கொந்தளிப்பு எவ்வளவு விரைவாகக் கலக்கிறதோ அவ்வளவு விரைவாகவே எரியும். உலை கட்டுவோருக்கு இது நல்ல விதி. ஆனால் சுவாலை எப்போது அணையும், நச்சு வாயு எவ்வளவு உண்டாகும் என்று கேட்டால் இவ்விதி வாய் திறவாது. இரசாயனத்தைத்தான் அது வெளியே நிறுத்திவிட்டதே.

அந்தக் கூடத்திலே ஆராய்ச்சி மாணவராயிருந்த போப், கலாநிதிப் பட்டம் பெறுமுன்னரே, 1975இல், சராசரி முறைகளிலே கையாளப்படும் பிசுக்குமைக் கருதுகோளைப் பொதுமைப்படுத்தி எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. வேறொருவராயின் அவ்வழியிலேயே நடந்து சுகமாக வாழ்ந்திருப்பார். அவர் 1976இல் வேறொரு வழியைப் பற்றி எழுதினார்: சராசரியை மட்டும் தேடாது நிகழ்தகவுப் பரம்பல் முழுவதையும் தேடுவோம் என்றார். ஓரிடத்து வாயு எத்தனை பங்கு நேரம் குளிராக இருக்கிறது, எத்தனை பங்கு நேரம் சூடாக இருக்கிறது, எத்தனை பங்கு நேரம் இடைநடுவில் நிற்கிறது என்ற முழு விவரத்துக்குமே ஒரு சமன்பாடு எழுதலாம். இவ்வெண்ணத்தை அவரே முதலில் கண்டார் என்று சொல்வது நியாயமாகாது. லண்ட்கிரன் என்பார் 1967இலும், டொபாசோ, ஓபிரயன் என்னும் இருவர் 1974இலும் இவ்வழியிலே அடி வைத்திருந்தனர். போப் செய்தது, அந்த ஒற்றையடிப் பாதையை வண்டி போகும் வீதியாக்கியது.

இவ்வழியின் பெரும் பேறு யாதெனில், பரம்பலைக் கையில் வைத்திருப்பவனுக்கு இரசாயனத் தாக்கத்தைப் பற்றி ஊகமே வேண்டியதில்லை. 1000 கெல்வினில் உள்ள வாயு 1000 கெல்வினுக்குரிய வேகத்திலே எரியும். 2000இல் உள்ளது அதற்குரிய வேகத்திலே எரியும். அவ்வளவுதான். எங்களை மருட்டிய முந்நூறு மடங்கு, ஒரு சொல்லும் பேசாமல் எழுந்து போய்விடுகிறது. எம் கருத்திலே, பொறியியலிலே இதைப்போல அழகான காரியங்கள் சிலவே உள்ளன.

அழகுக்கு விலை உண்டு. பத்து இரசாயனப் பொருள்களுக்கு, ஒவ்வொன்றின் அளவையும் பத்துப் படிகளாக வகுத்துப் பரம்பலை அட்டவணையில் எழுதப் புகுந்தால், ஓரிடத்துக்கு மட்டும் ஆயிரம் கோடிக் கட்டங்கள் வேண்டும். எந்தக் கணனி தாங்கும்? 1981இல் போப் இதற்கு விடை சொன்னார். பரம்பலை அட்டவணையாக எழுதவேண்டாம். துணிக்கைகளால் எழுதுவோம் என்றார். ஓர் ஊரின் வாழ்வை அறிய விரும்புகிறவர் எல்லா விதமான குடும்பங்களுக்கும் கட்டம் கீறிக்கொண்டிருப்பதில்லை. நூறு வீடுகளைத் தெரிந்தெடுத்து, அவ்வவ் வீட்டாரின் வரவு செலவைத் தொடர்ந்து பார்த்துவந்தாற் போதும். அதைப்போல, சுவாலையிலே பல்லாயிரம் கற்பனைத் துணிக்கைகளை விடுகிறோம். ஒவ்வொரு துணிக்கைக்கும் ஓர் இடம், ஒரு வேகம், ஒரு வெப்பநிலை, தனக்கென ஓர் இரசாயனக் கலவை. கொந்தளிப்பிலே தாயம் உருட்டியதுபோல அவை அலைகின்றன. போகிற போக்கிலே எரிகின்றன. ஓரிடத்தில் வந்து நிற்பவற்றை எண்ணிப் பார்த்தால் அவ்விடத்துப் பரம்பல் தானே தெரிகிறது. 1985இலே இம்முறை முழுவதையும் நீண்டதொரு கட்டுரையாகத் தொகுத்து வெளியிட்டார். இத்துறைக்கு வருகிற மாணவர் யாவரும் அதைப் படித்தே தீரவேண்டும்.

இவ்வளவில் வினா தீர்ந்ததா? இல்லை. எரிவது சரியாகக் கிடைத்தது; கொந்தளிப்பு வாரிச் செல்வதும் சரியாகக் கிடைத்தது; ஆனால் அடுத்தடுத்து நிற்கும் இரு துளி வாயுக்கள் மூலக்கூற்றளவிலே எவ்வாறு ஒன்றோடொன்று கலக்கின்றன என்பது மட்டும் ஊகமாகவே எஞ்சிற்று. துணிக்கை ஒவ்வொன்றும் தன் நிலையை மட்டும் அறியும். பக்கத்தில் நிற்பது யாரென்று அறியாது. பழைய மாதிரிகள் கண்ணை மூடிக்கொண்டு எந்த இரண்டையும் கலந்தன. அல்லது எல்லாவற்றையும் சராசரியை நோக்கி இழுத்தன. அதனால் விபரீதம் விளைந்தது. குளிர்ந்த எரிபொருட் துணிக்கையும் குளிர்ந்த காற்றுத் துணிக்கையும், இடையே நிற்கும் சுவாலையைத் தாண்டிக் குதித்துத் தம்முள் கலந்தன. உண்மையான எரிபொருள் அப்படிக் குதிக்கமாட்டாது; சுவாலையினூடாகவே போயாக வேண்டும்.

1998இலே போப் அவர்களும் அவர் மாணவரான சங்கர் சுப்பிரமணியமும் ஒரு யுக்தி சொன்னார்கள். பல கிராமங்களுக்கு மின்சாரக் கம்பி இழுப்பவர், எல்லாக் கிராமங்களும் இணைய வேண்டும், கம்பியின் மொத்த நீளமோ மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்று பார்ப்பார் அல்லவா? அதைப்போலவே, துணிக்கைகளை அவற்றின் கலவை ஒற்றுமையால் மிகக் குறுகிய மரமாக இணைத்து, அம்மரத்திலே அயலவராயிருப்பவர்களை மட்டுமே கலக்கவிட்டார்கள். சுவாலையைத் தாண்டிக் குதிப்பது நின்றது. இம்முறைக்கும் குறை இல்லாமலில்லை. கலத்தல் நிறைவேற்ற வேண்டிய சில கணித நியதிகளை இது மீறுகிறது. ஒரு குறையை வாங்கி ஒரு குறையைக் கொடுத்த வியாபாரம் என்றே சொல்லலாம். கலத்தலுக்கு எல்லா வகையிலும் நிறைவான மாதிரி இன்றுவரை எவரிடமும் இல்லை.

மற்றொரு தடையை அவர் 1997இல் நீக்கினார். துணிக்கைகள் ஐந்து இலட்சம், காலப் படிகள் இரண்டாயிரம் என்று வைத்துக்கொண்டால், இரசாயனக் கணக்கை நூறு கோடி முறை செய்யவேண்டும். இதனால் நுணுக்கமான இரசாயனம் எட்டாக் கனியாயிருந்தது. பழைய கடைக்காரரிடம் வட்டி வாய்பாட்டுப் புத்தகம் ஒன்று இருக்கும். கணக்குப் போடாமல் பார்த்துச் சொல்லிவிடுவார். அதைப்போல இரசாயனத்துக்கும் வாய்பாடு எழுதிவைக்கலாமே என்றால், பல பரிமாணங்கள் கொண்ட அவ்வாய்பாடு முழுவதையும் முன்கூட்டியே எழுத இயலாது என்பதை மேலே கண்டோம். போப் சொன்னது: முன்கூட்டி எழுதவே வேண்டாம். கணிப்பு நடக்கும்போதே, புதிதாக ஒரு கணக்கு வந்தால் மட்டும் அதைச் செய்து, விடையையும், அவ்விடை அயலிலே எவ்வாறு மாறும் என்பதையும், எவ்வளவு தூரம் அதை நம்பலாம் என்பதையும் குறித்துவைப்போம். அடுத்த முறை அதற்குக் கிட்டிய கணக்கு வந்தால் குறிப்பைப் பார்த்தே சொல்லிவிடுவோம். சுவாலை உண்மையில் சென்று தொடும் நிலைகள், தொடக்கூடிய நிலைகளிலே மிகச் சிறிய பகுதியாதலால் குறிப்பேடு பெருத்துப் போவதில்லை. மெதேன் தகனத்துக்கு அவர் செய்து காட்டிய சோதனையிலே வேகம் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு கூடிற்று. ஆராய்ச்சியாளர் பலர் இன்றும் இக்குறிப்பேட்டு முறையைக் கையாளுகின்றனர். எம் மட்டில், அவருடைய பெருங் கோட்பாடுகளைவிட இந்தக் கடைக்காரப் புத்தியே எமக்கு அதிகம் பிடித்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

இனிச் செயலாளர் கேட்ட ஏழு மில்லிமீற்றர்க் குழாய்க்கு வருவோம். திருத்தமாகச் சொன்னால் 7.2 மில்லிமீற்றர். கலிபோர்னியாவின் லிவர்மோர் நகரிலே சாண்டியா தேசிய ஆய்வுகூடம் இருக்கிறது. அங்கே பார்லோ, பிராங்க் என்னும் இருவர், அவுஸ்திரேலியாவின் சிட்னிச் சர்வகலாசாலை வகுத்த எரிகலத்தைக் கொண்டு, ஒரு பங்கு மெதேனும் மூன்று பங்கு காற்றும் கலந்த வாயுவைச் செலுத்தி எரித்தார்கள். சுற்றிவர ஒரு துணைச் சுவாலை அதைப் பற்றவைத்துக்கொண்டிருக்கும். லேசர் ஒளியால், சுவாலையைத் தொடாமலே, ஒரு புள்ளியின் வெப்பநிலையையும் பல இரசாயனப் பொருள்களின் அளவையும் ஒரே கணத்தில் அளந்தார்கள். இவ்வாறு திரும்பத் திரும்ப அளந்து குவித்தார்கள். 1998இலே வெளிவந்த இவ்வளவீடுகளை எவரும் இலவசமாகப் பெறலாம்.

சுவாலைகளுக்கு எழுத்துக்களே பெயர். D என்பதிலே வாயு செக்கனுக்கு ஏறக்குறைய 50 மீற்றர் வேகத்தில் வருகிறது. F என்பதிலே அதன் இருமடங்கு. D ஒழுங்காக எரியும். F அணைந்துபோகும் தறுவாயில் நிற்பது. அதிலே அங்கங்கே சுவாலை செத்துவிடும். சற்று மேலே போய் மறுபடி உயிர்க்கும். மாதிரி ஒன்று உண்மையா பொய்யா என்று உரைத்துப் பார்ப்பதற்கு F போன்ற உரைகல் கிடையாது. சராசரியை மட்டும் அறிந்தவன் அணைதலை எப்படிக் காண்பான்? அணைந்த துளியும் எரிகின்ற துளியும் சராசரியிலே ஒன்றாய்க் கரைந்துபோகின்றனவே.

1996இலே இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரிலே, அளப்பவரும் கணிப்பவருமாக உலகின் பல பாகத்தார் கூடிப் பேசத் தொடங்கினர். ஒரே சுவாலையை எல்லாரும் கணிப்பது, விடைகளை ஒரே தாளிலே பக்கம் பக்கமாக வைப்பது என்பது அவர்கள் ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். தன் பிழை பிறர் காணத் தொங்குமே என்று அஞ்சாதவர்களுக்கே அந்தச் சபையில் இடம். 2000இலே ஜுன் சூ என்பவரும் போப்பும், D, E, F மூன்றையும் ஒரே மாதிரியால், மாறிலிகளைச் சுவாலைக்குச் சுவாலை மாற்றாமற் கணித்து வெளியிட்டார்கள். F அங்கங்கே அணைவதும் மீண்டும் பற்றுவதும் அளவீட்டோடு நன்கு இசைந்து வந்தன. இத்துறையின் பெரிய வெற்றிகளில் ஒன்றாக இதைச் சொல்லலாம்.

வெற்றியின்பின் அவர் செய்ததை இளைஞர்கள் கவனிக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறோம். தம் வெற்றியைத் தாமே குடைந்து பார்த்தார். 2005இல் வேறொரு மாணவரோடு சேர்ந்து, அதே சுவாலைகளை ஏழு வெவ்வேறு இரசாயனத் தொகுதிகளால் மறுபடி கணித்தார். விரிவான தொகுதிகள் அளவீட்டோடு ஒத்துவந்தன. மிக எளிமைப்படுத்தியவை வழுவின. துணைச் சுவாலையின் வெப்பநிலையைச் சிறிது மாற்றினாலும் F வெகுவாக மாறுவது தெரிந்தது. விளிம்பிலே நிற்கும் சுவாலைக்கு எல்லாமே காரணம்.

இவர் முறையை உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்டது என்று எண்ணிவிடாதீர்கள். ஜேர்மனியின் ஆகன் நகரப் பேராசிரியர் நோபேட் பீற்றேர்ஸ், சுவாலை என்பது கொந்தளிப்பிலே மிதக்கும் மெல்லிய படலந்தான். அப்படலத்தை ஒருமுறை கணித்து வைத்துக்கொண்டாற் போதும் என்றார். அவர் வழி மலிவானது. எஞ்சின் செய்வோர் பலர் அதையே விரும்பினர். சிட்னியிலே பில்ஜர் மூன்றாம் வழி ஒன்று கண்டார். மூன்று வழியாரும் அந்தச் சபையிலே ஒரே மேசையில் இருந்து வாதாடினர். எந்த வழி எங்கே செல்லும் என்று கேட்டால், படலம் படலமாகவே இருக்கும் இடத்தில் பீற்றேர்ஸ் வழி போதும். படலம் கிழிந்து, அணைந்து, மீண்டும் பற்றுகிற இடத்திலே போப் வழியின் செலவுக்குப் பலன் உண்டு என்பதே எமக்குத் தோன்றுவது. உயரத்திலே பறக்கும் விமானத்தின் எஞ்சின் அணைந்து, குளிர்ந்த மெல்லிய காற்றிலே மீண்டும் பற்றவேண்டிய வேளை இரண்டாவது வகையைச் சேர்ந்தது. விமானத்திற் செல்லும் எவரும் அதைச் சிறிய விஷயம் என்று சொல்லமாட்டார்.

பின்னாளிலே, பெரிய சுழிகளை நேரே கணித்துச் சிறியவற்றுக்கு மட்டும் மாதிரி வைக்கும் முறை பரவியபோது, பேமன் கிவி என்பாரும் பிறரும் போப்போடு சேர்ந்து பரம்பல் முறையை அதற்கும் பொருத்தினர். 2000இலே கேம்பிறிட்ஜ் சர்வகலாசாலை அச்சகம் அவருடைய கொந்தளிப்பு நூலை வெளியிட்டது. எழுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அந்நூல் உலகமெங்கும் பாடநூலாக உள்ளது. எமது நூல்நிலையத்துப் பிரதியிலே முதல் இருநூறு பக்கங்கள் விரல்பட்டு அழுக்கேறியிருக்கின்றன, மிகுதி புதிதாயிருக்கிறது. எம் விரலும் அந்த இருநூறைத் தாண்டி வெகுதூரம் போகவில்லை. 2007இல் இலண்டன் றோயல் சங்கமும், 2010இல் அமெரிக்கத் தேசிய பொறியியல் அக்கடமியும் அவரைத் தம் அங்கத்தவராக்கின.

பேச்சை முடிக்குமுன் எம் சொந்த முயற்சி ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். D சுவாலையைக் கணிக்கும் இலவச நிரல் ஒன்று கிடைக்கிறது. அது போப் வழியிலானதன்று, சராசரி வழியிலானது. நாமும் நண்பர் இருவரும் விடுதி அறையிலே ஒரு சிறு கணனியில் அதை ஓடவிட்டோம். இரண்டு இரவு ஓடிற்று. மூன்றாம் நாட் காலையிலே படத்தைத் திறந்தால் சுவாலை இல்லை. குளிர்ந்த மெதேன் மட்டும் அழகாகப் பரவிக் கிடந்தது! துணைச் சுவாலையின் வெப்பநிலை 1880 கெல்வின். எம்மிலொருவர் ஒரு பூச்சியத்தை விழுங்கி 188 என்று எழுதிவிட்டார். அவ்வொருவர் யாரென்று நாம் இங்கே சொல்லப்போவதில்லை.

பிழையைத் திருத்தி மறுபடி ஓடவிட்டதிலே சுவாலை எழுந்தது. எம் விடையையும் லிவர்மோர் அளவீட்டையும் ஒரே தாளிலே கீறினோம். எம் பக்கத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரேயொரு புள்ளி. அவர்கள் பக்கத்திலே ஒவ்வோர் இடத்துக்கும் தேனீக் கூட்டம்போல் நூற்றுக்கணக்கான புள்ளிகள். எம் ஒற்றைப் புள்ளி பல இடங்களிலே அக்கூட்டத்தின் நடுவே சென்று நின்றது. சில இடங்களிலே கூட்டம் சூடு, குளிர் என இரண்டாகப் பிரிந்து நிற்க, எம் புள்ளி ஒரு தேனீயும் இல்லாத வெளியிலே தனியே நின்றது.

அத்தாளைச் செயலாளரிடம் காட்டினோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "இந்த வெறும் இடத்தில் நிற்பது நீங்கள்தானோ?" என்று கேட்டார். ஆமென்றோம். தாளை மண்டப வாயிலருகே மேசையில் வைத்திருக்கிறோம். தேநீர் வேளையிலே பார்க்க விரும்புவோர் பார்க்கலாம். கேள்வி கேட்க விரும்புவோருக்கு, அந்த முதல் இருநூறு பக்கங்களுக்குள் அடங்கியதாயின், மறுமொழி சொல்வோம்.